ஏழாம் நம்பர் இருட்டு

ஏழாம் நம்பர் என்று ஓர் ஊர் இருந்தது. அதற்கு முந்தைய ஆறு நம்பர்களும் எங்கே இருக்கின்றன என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஆரணி, போளூர், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தகரப் பெட்டியும் கோரைப் பாயுமாக ரயிலேறி, ஆந்திரத்துப் பெரிய ஆற்றைத் தாண்டி, பருத்திக் காடுகளுக்கு நடுவே வந்து இறங்கியவர்கள், நிலக்கரிக் கம்பெனி தன் சுரங்கத்துக்கு வைத்த எண்ணையே தங்கள் ஊருக்கும் வைத்துக்கொண்டார்கள். பிறகு அதையே தாங்கள் கட்டிய கோயிலில் குடியேறிய மாரியம்மனுக்கும் வைத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளோ சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் 'ஏழாம் நம்பர்' என்று சொல்லிவிட்டு, கேட்டவரை 'எந்தத் தெருவில்?' என்று திகைக்க வைத்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் நல்ல வேலைக்காரர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சங்கு ஊதியதும் இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கி, முதுகு வளைய நடந்து, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துக் கூரையைத் தாங்க வைத்து, அதற்கு அடியில் உட்கார்ந்தும் படுத்தும் கரியை வெட்டித் தொட்டி வண்டிகளில் தள்ளினார்கள். அந்தக் கரியால் அவர்கள் ஏறிப் பார்க்காத ரயில்கள் ஓடின, அவர்கள் போய்ப் பார்க்காத ஊர்களில் விளக்குகள் எரிந்தன. அவர்களுடைய விளக்கோ தொப்பியின் நெற்றியில் இருந்தது. சுரங்கத்தில் அது ஒன்றுதான் வெளிச்சம்.

புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக் கடப்பாரையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்த்துப் பேசாதே. பார்த்தால் உன் நெற்றி விளக்கு அவன் கண்ணில் அடிக்கும், கண் கூசி ஒரு நிமிஷம் அவன் குருடாகிவிடுவான், அந்த ஒரு நிமிஷத்தில் தொட்டி வண்டி வரலாம், கூரையிலிருந்து கல் பெயரலாம். ஆகவே பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள். எதிரே நிற்கிறவன் எவ்வளவு வேண்டியவனோ அவ்வளவு நன்றாகத் திருப்பிக்கொள்.

ஆண்கள் அந்தப் பழக்கத்தைக் கூண்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெண்களும், பெண்களைப் பார்த்துக் குழந்தைகளும் திரும்பினார்கள். விளக்கே ஏறாத தலைகளும் திரும்பின. ரேஷன் கடையிலும், கல்யாணப் பந்தியிலும், சண்டையிலும்கூட அந்த ஊர் மனிதர்கள் எதிரே நிற்கிறவர் தோளுக்கு அப்பால் இருக்கிற எதையோ பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள். அது ஒரு வழக்கம் என்றே அவர்களுக்குத் தெரியாது. மூச்சு விடுவதைப் பற்றி யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை. அதுபோல இதையும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் அம்சவேணி மருமகளாக வந்தாள்.

அவள் அப்பா லோகநாதன் ஆரணியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 'நேரா இங்க பாருங்க' என்கிற குரலைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் அவள். மாப்பிள்ளை முனிரத்தினம் சுரங்கத்தில் கூரை தட்டுகிறவன். மற்றவர்கள் போய் உட்காருவதற்கு முன்னால் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டி, கணீரென்று கேட்டால் 'வாங்க' என்றும், பொத்தென்று கேட்டால் 'வேண்டாம்' என்றும் சொல்வது அவன் வேலை. கல்யாணத்தில் லோகநாதனே படம் எடுத்தார்.

"மாப்ளே, இங்க பாருங்க. லென்ஸைப் பாருங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம் இல்ல மாப்ளே, அது தண்ணி அண்டா."

கேமராவின் மேல் இருந்த விளக்கு பெரியது. அதற்குத் தக்கபடி முனிரத்தினம் இன்னும் மரியாதையாகக் கழுத்தைத் திருப்பினான். ஆகவே அந்தப் படத்தில் மணப்பெண் லென்ஸைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை தண்ணீர் அண்டாவைப் பார்க்கிறான்.

கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள் அம்சவேணி. ஏழாம் நம்பருக்கு வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. புருஷன் சோறு கேட்டது அடுப்பிடம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா நலம் விசாரித்தது துணிக்கொடியிடம். தண்ணீர்க் குழாயடியில் இவளோடு சிரித்துப் பேசிய பெண்கள் எல்லோரும் வேறு எங்கோ நிற்கிற ஒருத்தியோடு சிரித்துப் பேசுவதுபோல இருந்தார்கள். ஊரே தன்னைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அவள் முடிவு செய்தாள். காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அன்றிலிருந்து பேசும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்துவிட்டுக் கன்னியம்மா ஒரு பொட்டலம் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். "பல்வலிய வெச்சிக்கினு ஏம்மே அவஸ்தைப்படற? கடிச்சிக்கோ," என்றாள் ஜன்னல் கம்பியைப் பார்த்து.

அம்சவேணி உள்ளே போய், கிராம்பைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் வந்த மறுவருஷம் பங்குனியில் சுரங்கத்தை மூடினார்கள். கரி தீர்ந்துவிட்டது என்று கம்பெனி சொன்னது. கூண்டை இறக்கி லாரியில் ஏற்றினார்கள், சங்கைக் கழற்றினார்கள், தொப்பிகளையும் விளக்குகளையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர் ஜனங்கள் எங்கும் போகவில்லை. பருத்திக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டு, அதே வீடுகளில் இருந்தார்கள்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை வேளையில், சுரங்கத்தின் வாயிலிருந்து இருட்டு வெளியே வந்தது.

நிரம்பிய தொட்டியிலிருந்து தண்ணீர் வழிவதைப் போல அது வந்தது. தரையோடு தரையாகப் பரவி, தெருத் தெருவாக நுழைந்து, பத்து மணி வெயிலில் கணுக்கால் ஆழத்துக்கு நின்றது. அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அதற்கு மேலே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எரிகிற லாந்தரை அதில் இறக்கினால் லாந்தர் காணாமல் போனது, தூக்கினால் எரிந்துகொண்டே மேலே வந்தது. கோழிகள் கொக்கரித்தன, ஆனால் கோழிகளைக் காணோம்.

ஜனங்கள் சுரங்க வாயில் கூடினார்கள். உள்ளே இறங்குகிற ஆட்களுக்குப் பொறுப்பாக இருந்த சர்தார் தசரதன் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு வாரு வாரி, முகர்ந்து பார்த்தார்.

"நம்ம இருட்டுதான்."

"எப்படிச் சொல்ற?" என்றாள் கன்னியம்மா.

"ஈரக் கட்டை வாசனை வருது பாரு, வெடிமருந்து வாசனை வருது பாரு. ராத்திரி இருட்டுக்கு ஏது வாசனை?"

"அது ஏன் மேல வருது?"

"நாம மேல வந்துட்டோம். அது மட்டும் கீழ தனியா இன்னா பண்ணும்?"

எல்லோருக்கும் அது சரியான காரணமாகப் பட்டது. வேறு காரணம் யாரும் தேடவில்லை. வந்துவிட்டதை எங்கே வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

அந்த மனிதர்களை மெச்சாமல் இருக்க முடியாது. வேறு எந்த ஊராக இருந்தாலும் அலறியிருக்கும். இவர்கள் ஆடுகளின் காலில் கட்டிய சலங்கையைக் கழுத்துக்கு மாற்றினார்கள், சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று. தவழ்கிற குழந்தைகளின் இடுப்பில் நூல் கட்டி, மறுமுனையை அம்மாமார்கள் கால் கட்டை விரலில் கட்டிக்கொண்டார்கள். மளிகைக் கடையில் கீழ்த்தட்டுச் சாமான்களை வாசனையை வைத்து எடுத்தார்கள். உப்புக்கும் சர்க்கரைக்கும் மட்டும் நாக்கு தேவைப்பட்டது. குழாயடியில் குடங்கள் இருட்டுக்குள் இருந்தன. நிரம்புகிற சத்தத்தைக் கேட்டே குழாயை மூடினார்கள், ஒரு சொட்டு வீணாகவில்லை. கோயில் வாசலில் விட்ட செருப்புகள் மாறிப்போயின. யார் செருப்பு யார் காலில் என்பது யாருக்கும் தெரியாததால், கொஞ்ச நாளில் ஊர்ச் செருப்பெல்லாம் ஊருக்குப் பொது என்று ஆனது.

இருட்டு முழங்காலுக்கு ஏறியது. பிறகு இடுப்புக்கு ஏறியது. பஸ் கண்டக்டர் ஊருக்குள் வர மாட்டேன் என்று சொல்லி, வெளியே செம்மண் மேட்டிலேயே பஸ்ஸை நிறுத்திக்கொண்டார். ஜில்லா ஆபீசர் ஒருவர் ஜீப்பின் மேல் நின்றபடியே சுற்றிப் பார்த்தார், நல்ல மனிதர், இங்கே வாழ முடியாதே, வேறு இடம் பார்க்கலாமா என்று கவலையோடு கேட்டார். கன்னியம்மா அவருக்கு மோர் கொடுத்து, "பழகின இருட்டுங்க, ஒண்ணும் பண்ணாது," என்று ஜீப்பின் பின்சக்கரம் இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னாள். மோருக்காக இறங்கி ஏறியதில் அவருடைய ஒரு ஷூ தவறிப்போனது. மறு வாரம் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி அதை மிதித்துக் கண்டுபிடித்தாள், துடைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள்.

ஆனி கடைசியில் இருட்டு கழுத்துக்கு வந்தது.

அப்போது அந்த ஊரைப் பார்த்திருந்தால், கறுப்பு ஏரி ஒன்றின் மேல் மனிதத் தலைகள் மிதந்து போவதையும் வருவதையும் பார்த்திருக்கலாம். சின்னப் பிள்ளைகள் தோளில் ஏறிக்கொண்டார்கள். கட்டில்களைச் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் நடந்தது. உடம்பு தெரியாததால் யார் கிழிந்த சேலை, யார் புதுச் சேலை என்பதும் தெரியாமல் போயிற்று. எல்லோரும் முகங்களாக மட்டும் இருந்தார்கள்.

அதுதான் அம்சவேணிக்குத் தாங்க முடியாததாக ஆயிற்று. இதுவரை பார்ப்பதற்கு வேறு ஏதாவது இருந்தது. கை இருந்தது, குடம் இருந்தது, நடை இருந்தது. இப்போது ஊரில் முகங்கள் மட்டுமே மிச்சம், அந்த முகங்களில் ஒன்றுகூட அவள் பக்கம் இல்லை. குழாயடியில் நின்றபடி அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஆடிக்குத் தாய்வீடு போனால் ஆவணிக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தாள்.

ஆடி பிறந்ததும் தம்பி பாஸ்கர் வேன் எடுத்துக்கொண்டு அழைக்க வருவதாகச் சொல்லியனுப்பினான். அம்சவேணி தன் தகரப் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினாள். கட்டிய சேலைகள், கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத கூறைப்புடவை, சீராகக் கொண்டுவந்த குங்குமச் சிமிழ், எவர்சில்வர் தட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கல்யாணப் படம்.

முனிரத்தினம் பெட்டியைத் தூக்க வந்தான். தூக்குவதற்கு முன்னால், தன்னை அறியாமலே, விரல் முட்டியால் அதைத் தட்டினான். பொத்தென்று கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டினான். அங்கேயும் பொத்தென்றுதான் கேட்டது. ஆயுசெல்லாம் தட்டிக் கேட்ட காது அது. பெட்டியில் இடமே இல்லை என்றும், வீட்டில் இனி அவளுடையது என்று எதுவும் இல்லை என்றும் அதற்குத் தெரிந்துபோயிற்று.

"ஒரு மாசத்துக்கு இவ்ளோ துணியா?" என்று சுவரிடம் கேட்டான்.

"ஆமா," என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்து.

அவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். கூரை தட்டுகிற கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அவர்கள் வாசற்படி இறங்கிய அந்த நேரத்தில் இருட்டு தலைக்கு மேல் போயிற்று. வெயில் மேலே எங்கோ நின்றுவிட்டது. தன் கையே தெரியாமல் அம்சவேணி அப்படியே நின்றாள்.

"சட்டையப் புடிச்சிக்கோ," என்றான் முனிரத்தினம். "நான் தட்டிக்கினே போறேன். நான் நின்னா நில்லு."

சுரங்கத்தில் விளக்கு அணைந்துபோனவர்களை வெளியே கொண்டுவருவது இப்படித்தான். முன்னால் போகிறவன் தட்டுவான், பின்னால் வருகிறவன் சட்டையைப் பிடித்துக்கொள்வான். கம்பி கல்லில் பட்டால் ஒரு சத்தம், மண்ணில் பட்டால் ஒரு சத்தம், குழாயடி சிமெண்டில் பட்டால் ஒரு சத்தம். அவள் அந்தச் சத்தங்களின் பின்னால் நடந்தாள். குழாயடியைத் தாண்டியாயிற்று, மளிகைக் கடையின் மிளகாய் வாசனையைத் தாண்டியாயிற்று, கோயிலின் வேப்பிலை வாசனையும் வந்து போயிற்று. கோயிலுக்கு அப்பால் தெரு மேடேறுகிற இடத்தில் அவன் நின்றான். அவளும் நின்றாள். பெட்டியைக் கீழே இறக்குகிற சத்தம் கேட்டது.

"அம்சா."

அந்தக் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் குரல் அவளுடைய ஒரு காதுக்குத்தான் வந்திருக்கிறது. சில நாள் வலது காதுக்கு, சில நாள் இடது காதுக்கு. இப்போது இரண்டு காதுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. அதோடு அவன் மூச்சும் நெற்றியில் பட்டது.

"ம்."

"கண்ணு கூசாதுல்ல?"

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்குக் கூசணும்?"

"இல்ல, உன் மூஞ்சிய நேரா பாத்துக்கினு பேசறேன். அதான் கேட்டேன்."

"பாத்தா இன்னா?"

"வெளக்கு அடிக்குமே கண்ணுல."

"உங்க தலையில வெளக்கு ஏது? கம்பெனிக்காரன் வாங்கிக்கினு போயி எத்தனை நாளாச்சு."

அவன் யோசிக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. "ஆமா இல்ல," என்றான் பிறகு. "வெளக்கு இல்லதான். ஆனா கழுத்துக்கு அது தெரியலயே."

அவள் கையை நீட்டினாள். மூக்கு அவளுக்கு நேராக இருந்தது. மோவாய் நேராக இருந்தது. இரண்டு கண்களும், மூடாமல், இமை அவள் விரலில் படபடக்க, நேராக இருந்தன. தொட்டுத் தொட்டுப் பார்க்கப் பார்க்க, தண்ணீர் அண்டா, அடுப்பு, துணிக்கொடி, ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றும் தன் கண்ணில் விழாமல் யாரோ பத்திரமாகத் திருப்பிவைத்த வெளிச்சமாக மாறியது.

"எல்லாரும் திரும்பிக்கறது என் பல்லாலன்னு நெனைச்சேன்," என்றாள்.

"உன் பல்லுக்கு இன்னா?"

"அதான் நான் கிராம்பு குடுத்தேனே, இன்னுமா வலிக்குது?" என்று மிக அருகில் கன்னியம்மாவின் குரல் கேட்டது. அதுவும் இரண்டு காதுக்கும் வந்தது.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"ஊரே இங்கதான் நிக்குது. ஊட்டுக்கு வந்த பொண்ணு ஆடிக்குப் போவுது, வழியனுப்ப வேண்டாமா? எங்க ஊட்டு ஆளு மட்டும் இன்னா ஒழுங்கா, ரெண்டு புள்ள பொறந்த அப்புறந்தான் ஒரு தடவை நேரா பாத்தான், அதுவும் கரண்ட் போனப்ப."

இருபுறமும் சிரிப்பு கேட்டது. சர்தார் தசரதனின் இருமல் கேட்டது. தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள், போய்ட்டு வா என்றார்கள், உங்கப்பாவைக் கேட்டேன்னு சொல்லு என்றார்கள், வரும்போது ஆரணி அரிசி கொஞ்சம் கொண்டா என்றார்கள். ஒவ்வொரு குரலும் நேராக அவள் முகத்தில் வந்து இறங்கியது. அவள் முந்தானையைக் கீழே விட்டுவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செம்மண் மேட்டில் இருட்டு முடிந்து வெயில் தொடங்கியது. வேனில் சாய்ந்து நின்ற பாஸ்கருக்கு, அக்காவும் மாமாவும் கறுப்புத் தண்ணீரிலிருந்து கரையேறுவதுபோலத் தெரிந்தது.

"இன்னாக்கா, வழியனுப்ப ஒருத்தரும் வரலியா?"

"எல்லாரும் வந்திருக்காங்க."

பாஸ்கர் அவளுக்குப் பின்னால் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வந்ததும் முனிரத்தினத்தின் கழுத்து தானாகத் திரும்பி, பருத்திக் காட்டைப் பார்த்தது. எப்போதையும்விட அதிகமாகத் திரும்பியிருந்தது.

"மாமா ஏன் மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கிறாரு?" என்று பாஸ்கர் காதோடு கேட்டான். "சண்டையா?"

"கண்ணு கூசும்னு."

"அவருக்கா?"

"எனக்கு."

அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சேலைகளை மட்டும் எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு, பெட்டியை மூடி, முனிரத்தினத்தின் காலருகே தள்ளினாள். பிறகு, முகத்தை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, அங்கே நின்ற பனைமரத்திடம், "ஆவணி பொறந்ததும் வந்து கூட்டிக்கினு போங்க," என்றாள்.

முனிரத்தினம் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கிப் போனான். அவன் கம்பி தட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஆவணியில் அவள் திரும்பி வந்தாள். இன்னும் கொஞ்ச காலம் ஏழாம் நம்பர் இருந்தது. ஆனால் இருட்டோடு வாழப் பழகியவர்களுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது. பருத்திக் காடும் சூளையும் அத்தனை பேருக்குப் போதவில்லை. ஓசூருக்கும் திருப்பூருக்கும் பம்பாய்க்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். கிளம்புகிறவர்கள் தங்கள் பங்கு இருட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அதைத் தனியாக விட்டால் இன்னா பண்ணும் என்று சர்தார் சொன்னது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. தூக்கு வாளியிலும் பால் கேனிலும் மூடி போட்டு எடுத்துப் போனார்கள். யாரும் தன் பங்குக்கு மேல் அள்ளவில்லை, யாரும் தன் பங்கை விட்டுவிட்டும் போகவில்லை. இருட்டு தலைக்கு மேலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து கணுக்காலுக்கும் இறங்கியது. கடைசி ஆளாகச் சர்தார் தசரதன் சுரங்க வாயில் தேங்கியிருந்ததைத் தன் துண்டால் ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்துகொண்டு போனார். இன்றைக்கு அங்கே போனால் ஊர் இல்லை, கூரை இல்லாத சுவர்களும் சீமைக் கருவேலமும்தான். உச்சி வெயில் சுரங்கத்தின் அடி வரைக்கும் தடையில்லாமல் இறங்குகிறது.

அம்சவேணியும் முனிரத்தினமும் தங்கள் பங்கை ஆரணிக்குக் கொண்டுவந்தார்கள். லோகநாதனின் ஸ்டூடியோவில் பிலிம் கழுவுகிற அறைக்குக் கதவிடுக்கு வழியாக எப்போதும் வெளிச்சம் கசிந்து, படங்கள் புகையடித்துப்போவது வழக்கம். முனிரத்தினம் தூக்கு வாளியை அங்கே கவிழ்த்தான். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவ்வளவு தெளிவான படங்களை வேறு யாரும் கழுவிக் கொடுக்கவில்லை.

ஸ்டூடியோ முகப்பில் அந்தக் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், மாப்பிள்ளை எதைப் பார்க்கிறார் என்று சிரிப்பார்கள். "என்னைத்தான்," என்பாள் அம்சவேணி, அவர்களைப் பார்க்காமல்.

தினமும் நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போவாள். கதவை நன்றாகச் சாத்திவிட்டு, டம்ளரை அங்கே படம் கழுவுகிற முனிரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டு, நேராக நிற்பாள். அவன் ஒரு வாய் குடிப்பான். பிறகு அவள் இரண்டு காதுக்கும் கேட்கும்படி, ஒருநாள்கூட மறக்காமல், அதையே கேட்பான்.

"கண்ணு கூசாதுல்ல?"